போனவருக்கும் பில், இருப்பவருக்கும் பில்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்கிறேன். அப்பா காலத்தில் இருந்து இதுதான் பிழைப்பு. 30 கிலோவாட் இணைப்பு, தொழிற்கூடங்களுக்கான 3-பி கட்டணம், மாதம் 1,500 யூனிட் ஓடும். 2022-க்கு முன்னால் ஓடிய யூனிட்டும் இதேதான். கட்டுகிற தொகைதான் எங்கேயோ போய்விட்டது. விசாரித்தால், “பெரிய மில்லுக்காரங்க எல்லாம் சொந்தக் காத்தாடி, சோலார்னு வெளிய போயிட்டாங்க. அவங்க விட்டுட்டுப் போன செலவு இருக்கவங்க தலையிலதான விழும்” என்கிறார்கள். காற்றாடி நிற்பது பணகுடியில். எங்க ஊர்க் காத்து, எங்கேயோ மில்லு ஓடுது, செலவு எனக்கா? இதற்கிடையில் அமெரிக்காவில் சான் டியாகோவில் இருக்கும் என் மகன், மின்சாரத்தை வேறு இடத்தில் வாங்கத் தொடங்கிய பிறகும் பழைய கம்பெனிக்கென்று பில்லில் ஒரு கட்டணம் பிடிக்கிறார்கள் என்கிறான். அங்கே போனவன் கட்டுகிறான், இங்கே இருப்பவன் கட்டுகிறேன். எது நியாயம்? இந்தக் கூடுதல் தொகையை மட்டும் கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்:

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடுதல் தொகையைக் கட்டாமல் நிறுத்தி வைக்காதீர்கள். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்து இணைப்பைத் துண்டித்துவிடலாம். மீட்டர் கோளாறு, கணக்குத் தவறு என்று ஒரு தகராறு இருந்தால் அதே பிரிவு ஒரு வழியும் வைத்திருக்கிறது: ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரி, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டி இணைப்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். உங்கள் பில்லில் அப்படித் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டு வந்த கட்டணம் அது. அதை எதிர்க்கிற இடம் வேறே இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். உளுந்து மாவைப் பிசைந்து வைத்திருக்கிற நேரத்தில் ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போனால் யாருக்கு நட்டம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்களும் உங்கள் மகனும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். வாய்க்காலின் இந்தக் கரையில் நின்று நீங்கள் கேட்கிறீர்கள், அந்தக் கரையில் நின்று அவர் கேட்கிறார்.

வாய்க்கால் என்று சொன்னதால் கன்னடியன் கால்வாயையே எடுத்துக்கொள்வோம், உங்கள் ஊர் வழியாகத்தானே போகிறது. ஒரு மடைக்கு நூறு ஏக்கர் பாசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் தூர்வார, மடை பழுதுபார்க்க ஏக்கருக்கு இவ்வளவு என்று எல்லோரும் பங்கு போடுகிறார்கள். அதில் நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் பெரிய பண்ணையார் போர் போட்டுக்கொண்டு, “இனி எனக்குக் கால்வாய்த் தண்ணீர் வேண்டாம், பங்கும் கிடையாது” என்கிறார். அவர் போனதால் கால்வாயின் நீளம் ஒரு முழம்கூடக் குறையவில்லை. தூர் அதே தூர். மிச்சமிருக்கும் அறுபது ஏக்கர்க்காரர்கள்தான் முழுச் செலவையும் போட்டாக வேண்டும். இதில் பண்ணையாரைத் திருடர் என்று சொல்ல முடியுமா? அவர் காசு, அவர் போர். ஆனால் போன வருஷம் அவரையும் நம்பித்தானே மடைக்குக் கான்கிரீட் போடக் கடன் வாங்கினார்கள்? அந்தக் கடனில் அவர் பங்கு என்ன ஆவது?

மின்சாரத்தில் இந்தக் கடனுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழில் ‘கரைதட்டிய செலவு’ என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். கப்பல் நல்ல கப்பல்தான், தண்ணீர் வடிந்து போனதால் மணலில் நிற்கிறது. மின்நிலையமும் அப்படித்தான். ஒரு பகுதிக்கு முழுக்க நான்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்ற கடமையோடு, அரசின் அனுமதியோடு, முப்பது ஆண்டுக் கணக்குப் போட்டு நிலையம் கட்டுகிறார்கள், நீண்டகால ஒப்பந்தம் போடுகிறார்கள். பாதி வழியில் சட்டம் மாறி, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆகிறது. வாங்கும் ஆள் போய்விடுகிறார். நிலையத்தின் கடனும் ஒப்பந்தமும் அங்கேயே நிற்கின்றன.

உங்கள் மகன் இருக்கும் கலிஃபோர்னியாதான் இந்தப் பாடத்தை மற்ற எவரையும் விட அதிக விலை கொடுத்துப் படித்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நமக்கு அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

1996-ல் அந்த மாநிலம் மின்சந்தையைத் திறந்துவிடும் சட்டத்தை இயற்றியது. 1998 மார்ச் கடைசியில் சந்தை திறந்தது. அதற்கு முன்பே அங்கிருந்த மூன்று பெரிய தனியார் கம்பெனிகள் அணுமின் நிலையங்களிலும், அதிக விலைக்குப் போட்ட ஒப்பந்தங்களிலும் ஏராளமான பணத்தை முடக்கியிருந்தன. சான் டியாகோ கவுண்டியின் கடற்கரையிலேயே சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையம் இருந்தது, நமக்குக் கூடங்குளம் மாதிரி. போட்டிச் சந்தையில் இந்த முதலீட்டைத் திரும்ப எடுக்க முடியாது என்று கம்பெனிகள் வாதாடின. சட்டம் ஒப்புக்கொண்டது. எல்லோருடைய பில்லிலும் போட்டிக்கு மாறுவதற்கான கட்டணம் என்று ஒரு வரி சேர்ந்தது. பழைய கம்பெனியிலேயே இருப்பவரும் கட்ட வேண்டும், போனவரும் கட்ட வேண்டும். அதை வசூலித்து முடிக்கும்வரை சில்லறைக் கட்டணத்தை உறைய வைத்தார்கள். அந்த உறைந்த கட்டணம் சந்தை விலைக்கு மேலே இருந்ததால், நடுவில் கிடைத்த வித்தியாசம்தான் பழைய கடனை அடைத்தது.

வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் 10 சதவீதத் தள்ளுபடி என்று அப்போது அறிவித்தார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தத் தள்ளுபடிக்கான பணத்தைச் சுமார் 600 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டுத் திரட்டினார்கள். அந்தப் பத்திரத்தின் அசலையும் வட்டியையும் அடுத்த பத்து ஆண்டுகள் கட்டியது அதே வீடுகளும் அதே சிறு கடைகளும்தான். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, நம்ம ஊர்க் கதையில் இது திரும்ப வரும்.

சான் டியாகோவில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. அந்த ஊர்க் கம்பெனி தன் மின்நிலையங்களை விற்றுப் பழைய செலவை 1999-லேயே மீட்டுவிட்டது. மாநிலத்திலேயே முதலாவதாக அங்கேதான் கட்டண உறைவு நீங்கியது. மக்கள் நேராகச் சந்தை விலைக்குத் திறந்துவிடப்பட்டார்கள். 2000 கோடையில் சந்தை விலை தாறுமாறாக ஏற, வீட்டு பில்கள் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போயின. ஊரே கொதித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டு, மின்சாரத்தின் விலையை யூனிட்டுக்கு 6.5 சென்ட் என்று கட்டிவைத்தார்கள். வாங்கிய விலைக்கும் அந்த 6.5 சென்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் தள்ளுபடி செய்யவில்லை. தனிக் கணக்கில் எழுதி வைத்து, பிற்பாடு அதே மக்களிடம் வாங்குவதாக ஏற்பாடு. மற்ற கம்பெனிகளுக்குக் கட்டணம் உறைந்தே கிடந்ததால் வாங்கும் விலை விற்கும் விலையைத் தாண்டியது. அவற்றில் ஒன்று 2001 ஏப்ரலில் திவால் மனு போட்டது. மாநில அரசே இறங்கி மின்சாரம் வாங்கி, அதற்காகச் சுமார் 1,100 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டது. அந்தக் கடனுக்கான கட்டணம் 2020 வரை அங்குள்ளவர்களின் பில்லில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வந்துகொண்டே இருந்தது. அந்தக் கோடையில் பிறந்த குழந்தை கல்லூரிக்குப் போகும்வரை, அதன் வீடு அந்தக் கோடையின் மின்சாரத்துக்குப் பணம் கட்டியது.

உங்கள் மகனின் பில்லில் இப்போது இருப்பது இவற்றுக்குப் பின்னால் வந்த கட்டணம். உள்ளாட்சி அமைப்புகள் சேர்ந்து நடத்தும் கூட்டு அமைப்பிடம் அவர் மின்சாரம் வாங்கிக்கொண்டிருப்பார். பழைய கம்பெனி அவரையும் நம்பி முன்பு போட்ட ஒப்பந்தங்கள் சந்தை விலையை விட எவ்வளவு கூடுதலோ, அதில் அவர் பங்கைப் பிடிக்கிறார்கள். பிசிஐஏ என்று நான்கு எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒருவர் வெளியே போவதால், உள்ளே இருப்பவருக்குக் கூடவும் கூடாது குறையவும் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. பண்ணையார் போர் போட்டுக்கொள்ளட்டும், ஆனால் மடைக் கடனில் தன் பங்கைக் கட்டிவிட்டுப் போகட்டும் என்பதுதான். மகனிடம் சொல்லுங்கள், அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதில் சண்டை போட இடமுண்டு, இருக்க வேண்டுமா என்பதில் அவ்வளவாக இல்லை.

இனி நம்ம ஊர். இங்கே ஒரே நாளில் சந்தையைத் திறந்துவிடவில்லை. கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். 2003 சட்டம் ஒரு மெகாவாட்டுக்கு மேல் தேவை உள்ளவர்கள் வெளியில் வாங்க வழி செய்தது. 2022-ல் வந்த மத்திய அரசின் விதிகள், பசுமை மின்சாரம் என்றால் 100 கிலோவாட் இருந்தாலே போதும் என்று இறக்கிவிட்டன. உங்கள் 30 கிலோவாட்டுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. ஆக, போகக்கூடியவர்கள் போவார்கள், போக முடியாதவர்கள் இருப்பார்கள் என்ற உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது.

போகிறவர்களிடம் வசூலிக்க அதே சட்டத்தின் 42-வது பிரிவு இரண்டு கட்டணங்களை வைத்திருக்கிறது. ஒன்று குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம். பெரிய தொழிற்சாலைகளிடம் அடக்க விலைக்கு மேல் வாங்கித்தான் மற்றவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கிறது வாரியம்; அந்த ஆள் போனால் இழக்கும் உபரியை ஈடுகட்ட இது. இன்னொன்று, போனவருக்காக ஏற்பாடு செய்து வைத்து வீணாய்க் கிடக்கும் மின்சாரத்தின் நிலைச் செலவுக்கானது. கலிஃபோர்னியாவின் கட்டணத்துக்கு நெருங்கிய சொந்தம் இந்த இரண்டாவதுதான்.

ஆனால் பணகுடிக் காற்றாடி? அங்கேதான் விஷயம். ஒரு மில் தன் சொந்த உபயோகத்துக்கு என்று மின்நிலையம் வைத்தால், அதாவது அதில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தைத் தானே எடுத்துக்கொண்டால், குறுக்கு மானியக் கட்டணம் கிடையாது என்று நாடாளுமன்றமே எழுதி வைத்திருக்கிறது. இரண்டாவது கட்டணமும் அவர்களுக்குப் பொருந்தாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பியைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்தை அவர்கள் கட்டுகிறார்கள். மற்றபடி அவர்கள் விட்டுச்சென்ற பங்கு இருப்பவர்களிடம்தான் வருகிறது. உங்களிடம் சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை.

இதை நான் தூரத்தில் இருந்து பார்த்துப் பேசவில்லை. எரிசக்தித் தணிக்கைக்கு வருவதற்கு முன் ஒரு நூற்பாலையின் மின்பிரிவில் இருந்தேன். அந்த ஆலை ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலை போட்டபோது வரவு செலவுக் கணக்குத் தாளைத் தயார் செய்தது நான். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் எங்கள் தேவைக்கு மேல் யூனிட் குவியும். அதை வாரியத்தின் கம்பியில் சேமித்து வைத்து, காற்று இல்லாத மாதத்தில் திரும்ப எடுப்போம். ஆலைக்கு அது லாபம், ஐந்நூறு குடும்பம் பிழைத்த ஆலை அது, அந்தக் கணக்கைப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காற்று நின்ற மாதத்தில் எங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வாரியம் எங்கிருந்தோ ஒரு நிலையத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்புச் செலவுக்கு என் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை. அது வேறு யாருடைய பில்லிலோ இருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் பில் ஏறியதற்கு மில்லுக்காரர்கள் போனதை மட்டும் காரணம் காட்டினால், அதை விடப் பெரிய காரணம் கண்ணில் படாமல் போய்விடும். யார் கட்டுவது என்று கேட்கிறீர்கள். எப்போது கட்டுவது என்ற கேள்விதான் நம் மாநிலத்தில் பெரியது.

தேதிகளைப் பாருங்கள். 2003 மார்ச்சில் கட்டணம் திருத்தினார்கள். அடுத்த திருத்தம் 2010 ஆகஸ்ட்டில். ஏழு ஆண்டு. பிறகு 2012, 2013, 2014. அதற்கடுத்த பெரிய உயர்வு 2022 செப்டம்பர் 10. இன்னொரு எட்டு ஆண்டு. நிலக்கரி விலையோ, சம்பளமோ, வாங்கும் மின்சாரத்தின் விலையோ இந்த ஆண்டுகளில் நின்றிருக்கவில்லை. வித்தியாசம் கடனாக ஏறியது. 2021 வாக்கில் மின்பகிர்மானக் கழகத்தின் கடன் 1.59 லட்சம் கோடி ரூபாய், ஆண்டு வட்டி மட்டும் 16,500 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. 2017-ல், மின்கழகங்களின் கடனைத் தீர்க்க வந்த மத்திய அரசின் உதய் திட்டத்தில், மாநில அரசு 22,815 கோடி ரூபாய்க் கடனைத் தன் தோளில் ஏற்றுக்கொண்ட பிறகும் இந்த நிலை. 1957-ல் தொடங்கிய மின்வாரியத்தை 2010 நவம்பரில் பிரித்தார்கள், பகிர்மானக் கழகத்தை 2024-ல் மறுபடி பிரித்தார்கள். பெயர்ப்பலகை மாறியது, கடன் கூடவே வந்தது.

கட்டணம் ஏறாத அந்த எட்டு ஆண்டும் நமக்கெல்லாம் நிம்மதியாகத்தான் இருந்தது. நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். கலிஃபோர்னியாவின் அந்த 10 சதவீதத் தள்ளுபடிக்கும் நம்முடைய எட்டு ஆண்டு நிம்மதிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் கடன் வாங்கித்தான் கொடுத்தார்கள்.

இப்படி வசூலிக்காமல் தள்ளி வைத்த தொகைக்கு ஒழுங்குமுறைக் கணக்கில் ‘ரெகுலேட்டரி அசெட்’ என்று பெயர். அசெட் என்றால் சொத்து. மின்கழகத்தின் ஏட்டில் அது சொத்து, ஏனென்றால் பின்னால் உங்களிடம் வாங்கப்போகும் பணம். உங்களுக்கு அது நீங்கள் கையெழுத்துப் போடாத கடன், வட்டியோடு. நாட்டின் பல மாநிலங்களில் இது மலைபோல ஏறிவிட்டதைப் பார்த்து, 2025 ஆகஸ்ட் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் கடுமையாகவே ஒரு தீர்ப்புச் சொன்னது. புதிதாகத் தள்ளி வைப்பதை மூன்று ஆண்டுகளுக்குள் தீர்க்க வேண்டும். பழையதைத் தீர்க்க ஒவ்வொரு ஆணையமும் காலக்கெடுவோடு வழிவகை சொல்ல வேண்டும். இத்தனை காலம் வசூலிக்காமல் ஏன் விட்டார்கள் என்பதைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. இந்தக் கடைசிக் கட்டளைதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். தள்ளி வைத்த தொகையில் எது உண்மையான செலவு, எது திறமைக் குறைவால் வந்த நட்டம் என்று பிரித்துக் கேட்க அதில் இடம் இருக்கிறது. மின்இழப்பைக் குறைக்காததால் வந்த நட்டத்தை நாம் ஏன் கட்ட வேண்டும்? உண்மையான செலவைக் கட்டலாம்.

இலவச மின்சாரத்தால்தான் எல்லாம் என்று இன்னொரு பேச்சும் உண்டு. வீடுகளுக்கான 100 யூனிட்டுக்கும் விவசாய இணைப்புக்கும் உள்ள தொகையை அரசு மானியமாகக் கொடுக்க வேண்டும், அதையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 65-வது பிரிவு. அது நேராக உங்கள் பில்லில் ஏறும் தொகை இல்லை. அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் பில்லுக்கு வருகிறேன். 3-பி பிரிவில் 2022 செப்டம்பருக்கு முன் யூனிட் 6.35 ரூபாய், யூனிட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இணைப்பின் அளவுக்குக் கட்டும் நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய். உங்கள் 1,500 யூனிட்டுக்கு 9,525, 30 கிலோவாட்டுக்கு 1,050. மொத்தம் 10,575. அந்த உத்தரவுக்குப் பிறகு யூனிட் 7.50, நிலைக் கட்டணம் 50 கிலோவாட் வரை 75 ரூபாய். 11,250-ம் 2,250-மாக 13,500. வரியும், பீக் அவர் கட்டணமும் இதற்கு மேல். கூடியது 2,925 ரூபாய். அதில் 1,200 ரூபாய் நிலைக் கட்டணத்தில் மட்டும் கூடியது. பழைய பில்லில் பத்தில் ஒரு பங்காக இருந்தது, உயர்வில் ஐந்தில் இரண்டு பங்காக நிற்கிறது. இது தற்செயலாக நடந்ததில்லை. ஆட்கள் வெளியே போகப் போக, யூனிட் குறைந்தாலும் வருமானம் குறையாதபடி நிலைக் கட்டணத்தில் செலவை ஏற்றுவது உலகம் முழுக்க மின்கழகங்கள் செய்வது. பழைய செலவு உங்களைத் தேடி வருகிற வாசல் அதுதான். பெரிய 112 கிலோவாட் இணைப்புகளுக்கு இது இன்னும் கடுமை: மாதம் 3,920 ரூபாயாக இருந்த நிலைக் கட்டணம் 17,000 ரூபாயைத் தாண்டியதால்தான் 2023-ல் சிறுதொழிலதிபர்கள் கதவடைப்பு வரை போனார்கள். அதற்குப் பிறகும் ஜூலை தோறும் உயர்வு வருகிறது. 2024-ல் 4.83 சதவீதம், 2025-ல் 3.16.

நீங்கள் அனுப்பிய பில்லின் படத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. இணைப்பு 30 கிலோவாட். பதிவான அதிகபட்ச டிமாண்டு, அதாவது ஒரே நேரத்தில் நீங்கள் இழுத்த மின்சுமை, 17. போனில் கேட்டபோது சொன்னீர்கள், ஐப்பசி, கார்த்திகை மழைக்காக 2019-ல் இரண்டு மின்சார டிரையர் போட்டதாகவும், ஒன்று காயில் போய் மூலையில் கிடப்பதாகவும், மற்றதை மழைக்காலத்தில் மட்டும் ஓட்டுவதாகவும். அந்த மூலையில் கிடக்கிற டிரையருக்கு மாதா மாதம் நிலைக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் அண்ணாச்சி. ஓடாத சாமான், ஆனால் செலவு நிற்கவில்லை. வாரியத்தின் கரைதட்டிய செலவைத் தடுக்க உங்களால் முடியாது, இதைத் தடுக்கலாம்.

உடனே ஓடிப்போய்க் குறைத்துவிட வேண்டாம். 17 என்பது வெயில் மாதத்து டிமாண்டு. டிரையர் ஓடுகிற மாதத்தில் எவ்வளவு தொடுகிறது என்று பார்க்க வேண்டும். போன ஆண்டு ஐப்பசி, கார்த்திகை பில்களை எடுத்து டிமாண்டு கட்டத்தைப் பாருங்கள். அதில் 21, 22-க்குள் இருந்தால் 24 கிலோவாட்டுக்கு இறக்க விண்ணப்பம் கொடுங்கள். தாண்டினால் அபராதக் கட்டணம் விழும், அதனால் ஒட்டிப் போடாதீர்கள். 2022 விகிதத்திலேயே கணக்குப் போட்டாலும் மாதம் 450 ரூபாய் மிச்சம். மாவு பிசையும் மெஷினுக்குக் கப்பாசிட்டர் வேலை செய்கிறதா என்றும் ஒரு தடவை எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள், பக்கத்து மாவு மில்லுக்கு நான்கு வருஷத்துக்கு முந்தைய தணிக்கைக் குறைபாடு என்று ஒரு தொகை வந்திருப்பதாக. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட, இடையில் பில்லில் நிலுவையாகக் காட்டாத தொகைக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்பது 56-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. ஆனால் 2020-ல் உச்ச நீதிமன்றம், பில் போடுவதில் நேர்ந்த தவறு பின்னால் தெரியவந்தால், துண்டிக்காமல் மற்ற சட்டவழிகளில் வசூலிக்கத் தடையில்லை என்றும் சொல்லியிருக்கிறது. அவரை முதலில் வட்ட மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் உள்ள மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதச் சொல்லுங்கள். அங்கே திருப்தி இல்லையென்றால் சென்னையில் மின்குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் தேவையில்லை, வெள்ளைத் தாளில் எழுதினால் போதும்.

கட்டணத்தையே எதிர்ப்பதற்கு இந்த மன்றம் உதவாது. அதற்கு 64-வது பிரிவு. மின்கழகம் கட்டண மனு போட்டால் அதை வெளியிட வேண்டும், மக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்து 120 நாளுக்குள் ஆணையம் உத்தரவு போட வேண்டும். உத்தரவில் குறை இருந்தால் 45 நாளுக்குள் டெல்லியில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2022-ல் தென்மாவட்டங்களுக்கான கருத்துக் கேட்பு ஆகஸ்ட் 18-ம் தேதி மதுரையில் நடந்தது. நான் அதிகாலை பஸ் ஏறிப் போனேன். அரங்கில் பேசியவர்களில் பலர் உயர்வு வேண்டாம் என்றார்கள், வயிற்றெரிச்சலோடு சொன்னார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் மனுவின் இந்தப் பக்கத்தில் இந்த எண் தவறு என்று சொன்னவர்கள் சிலர்தான். ஆணையம் தன் உத்தரவில் பெயர் சொல்லிப் பதில் எழுத வேண்டியது அந்தச் சிலருக்குத்தான் வந்தது.

அடுத்த மனு வரும்போது நீங்களும் உங்கள் ஊர் அப்பளத் தொழில் செய்பவர்களும் சேர்ந்து ஒரே தாளில் எழுதலாம். மூன்று கேள்வி போதும். தள்ளி வைத்த தொகை எவ்வளவு, அதில் இந்த ஆண்டுக் கட்டணத்தில் எவ்வளவு வட்டி ஏறுகிறது? சொந்த உபயோக நிலையங்கள் கட்டாத பங்கு எவ்வளவு, அது எந்தப் பிரிவினர் மேல் ஏறியிருக்கிறது? 50 கிலோவாட்டுக்குக் கீழே உள்ள சிறுதொழிலுக்கு நிலைக் கட்டணம் எந்தச் செலவின் அடிப்படையில் வந்தது? இந்த மூன்றாவதை விட்டுக்கொடுக்காதீர்கள், அங்கேதான் உங்கள் 1,200 ரூபாய் இருக்கிறது.

தாளைத் தமிழிலேயே எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பினால் மனுவின் பக்க எண்களைச் சேர்த்துத் தருகிறேன். அதற்கு முன்னால் அந்த ஐப்பசி, கார்த்திகை பில்கள் இரண்டையும் தேடி எடுங்கள்; டிமாண்டு கட்டம் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள்.